நடந்த பாதை, எடுத்த படம், கட்டிய மெட்டு: எங்கே வைத்துக் காட்டுவது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "மூன்று ஆண்டுகளாக மலைப்பாதைகளில் நடந்து எடுத்த படங்கள் 4,000 இருக்கின்றன. வீட்டு அறையில் கிதாரும் ஒரு மைக்கும் வைத்துப் பதிவு செய்த பாட்டுகள் 11. எல்லாம் கணினியில் தூங்குகின்றன. யாருக்காவது காட்ட வேண்டும் போலிருக்கிறது. இன்ஸ்டாகிராமா, யூடியூபா, சொந்தமாக ஒரு தளமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்." இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

தளங்களின் பெயரை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு யோசித்தால் ஆறு மாதம் என்ன, ஆறு வருடமும் ஓடும். 'யாருக்காவது' என்று போகிற போக்கில் எழுதினாரே, முடிச்சு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கூட நடந்த மூன்று பேருக்கா, முகம் தெரியாத மூவாயிரம் பேருக்கா, பத்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கப்போகும் தனக்கேவா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தளங்கள் தாமாகவே பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும்.

படம் விற்கவோ பாட்டில் பிழைக்கவோ நினைப்பவர்களின் கணக்கு வேறு. இங்கே பேசுவது, சும்மா இருக்க முடியாமல் படம் எடுப்பவர்களையும் மெட்டுக் கட்டுபவர்களையும் பற்றி.

## எதை வைத்து எடை போடுவது

என் தராசில் முதல் கல், பதில் வருமா என்பது. விருப்பக்குறி பதில் ஆகாது. "அந்த வளைவில் மூடுபனி எப்போது விலகியது?" என்று ஒருவர் கேட்டால் அது பதில். "இரண்டாவது சரணத்தில் குரல் கிதாருக்குள் அமுங்கிவிட்டது" என்றால் அது பெரிய பதில். அடுத்த நடைக்கும் அடுத்த பாட்டுக்கும் அதுதான் உரம்.

இரண்டாவது, தரம் எவ்வளவு மிஞ்சும். 2.4 கோடி பிக்சல் கேமராவில் எடுத்த படம் 6,000 பிக்சல் அகலமும் 4,000 பிக்சல் உயரமும் இருக்கும். அதை 1,080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் 1,080க்கு 720. நூறில் மூன்று பங்கு பிக்சல்தான் மிச்சம். கைபேசித் திரையில் குறை தெரியாது. அச்சிட்டுப் பாருங்கள்: அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான கணக்கில் மூலப் படம் 20 அங்குல அகலம் வரும், சுருங்கிய படம் 3.6 அங்குலத்தோடு நின்றுவிடும்.

மூன்றாவது, பத்து ஆண்டு கழித்தும் அங்கே இருக்குமா. நான்காவது, எனக்கு எத்தனை மணி நேரம் தின்னும். ஐந்தாவது, யாருக்குத் தெரியக்கூடாது. கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. கேட்காததன் விலை பிறகு தெரியும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படமும் பாட்டும் ஒரே மாதிரிச் சரக்கு இல்லை. படத்தை ஒருவர் ஒரு நொடியில் பார்த்துவிட்டு நகரலாம், பிடித்தால் நிற்பார். பாட்டு கேட்பவரிடம் நான்கு நிமிடத்தை முன்பணமாகக் கேட்கிறது. அதோடு ஹெட்போனும் கொஞ்சம் அமைதியும் வேண்டும். பயணக் கதைக்கு வரிசை வேண்டும்: ஏறியது, வழி தவறியது, இறங்கியது. வரிசை குலைந்தால் கதை செத்துவிடும். மூன்றுக்கும் ஒரே இடம் தேடுவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் முதல் பள்ளம்.

## சின்ன வட்டம்: வாட்ஸ்அப் குழு, பகிர்ந்த ஆல்பம்

எளிதானது, இலவசமானது, ஏற்கெனவே கையில் இருப்பது. தெரிந்தவர்கள்தான் பார்க்கிறார்கள் என்பதால் மறைவும் உண்டு. ஆனால் குழுவின் அளவைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது.

நாற்பத்திரண்டு பேர் இருக்கும் ஒரு குழுவில் என் பாட்டு ஒன்றை ஒருமுறை போட்டேன். மேலே ஒரு பிறந்தநாள் வாழ்த்து, கீழே யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு. நடுவே என் பாட்டு. இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. அவற்றில் ஒன்று பாட்டின் நீளத்தைவிடக் குறைவான நேரத்தில் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே பாட்டை நான்கு பேருக்குத் தனித்தனியாக அனுப்பினேன். கூடவே ஒரே ஒரு வரி: "இரண்டாவது சரணத்தில் குரல் தாழ்ந்து கேட்கிறதா?" மூன்று பதில்கள் வந்தன. அதில் ஒன்றைப் படித்துவிட்டு அந்தச் சரணத்தையே மறுபடி பாடினேன். கேள்வியோடு அனுப்புங்கள்; கேள்வியில்லாமல் வரும் கோப்பு பாராட்டை எதிர்பார்த்து நிற்கும், அதனால் மக்கள் ஒதுங்கிப் போகிறார்கள்.

தரம் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். 2023 முதல் எச்.டி. தேர்வு இருக்கிறது, அதிலும் மூலம் அப்படியே போவதில்லை. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும், 2 ஜி.பி. வரை. அதற்கு ஒரு விலை உண்டு: படமாக அனுப்பும்போது கழன்றுவிடும் இடக்குறிப்பு (எங்கே எடுத்தது என்று கோப்புக்குள் பதிந்திருப்பது) ஆவணமாக அனுப்பும்போது கூடவே போகும்.

இந்த வழியின் மறைவான செலவு, தேட முடியாமை. இரண்டு ஆண்டுக்கு முன் அனுப்பிய அந்தச் சிகரப் படம் எங்கே என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. பகிர்ந்த ஆல்பம் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் இடம் கணக்குப் பார்த்துத்தான் கிடைக்கும். கூகுள் போட்டோஸ் 2015இல் அளவில்லா இலவச இடத்தோடு வந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை முடிந்தது. இப்போது மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். நம் வாசகரின் 4,000 படங்கள், ஒன்று சுமார் 10 எம்.பி. என்று வைத்தாலே 40 ஜி.பி. ஆகிவிடும்.

கூட நடந்தவர்களோடு நினைவைப் பங்குபோடவும், அரைகுறைப் பாட்டுக்கு நேர்மையான காது தேடவும் இதைவிட நல்ல வழி இல்லை.

## பெரிய சந்தை: இன்ஸ்டாகிராம், யூடியூப், ஸ்பாட்டிஃபை

கூட்டம் இங்கேதான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் படத்தில் வந்து நிற்கும் சாத்தியமும் இங்கேதான் அதிகம். அந்தச் சாத்தியத்துக்கு நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஸ்டாகிராம் 2010இல் தொடங்கியபோது சதுரப் படம் மட்டுமே ஏற்றது. 2015இல்தான் மற்ற வடிவங்களுக்கு இடம் கொடுத்தது. இன்றும் அது கைபேசியை நிமிர்த்திப் பிடிப்பவருக்கான இடம். நெட்டை வடிவப் படம் திரையை நிறைக்கும், அகலப் படம் நடுவில் ஒரு பட்டையாகக் கிடக்கும். மலையேறுபவர் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் அகலமானவை. முகடும் பள்ளத்தாக்கும் பக்கவாட்டில் விரிபவை. நான் தொடர்ந்து ஓராண்டு அங்கே போட்டுக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன்: முகட்டில் நிற்கும்போதே கேமராவைச் செங்குத்தாகத் திருப்பத் தொடங்கியிருந்தேன். கண் முன்னே பள்ளத்தாக்கு இடமும் வலமும் பாய்ந்து கிடக்கிறது. நான் நடுவே ஒரு கீற்றை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். தளத்தின் வடிவம் கைக்குள் புகுந்துவிட்டது. எந்தக் கட்டணப் பட்டியலிலும் இந்தச் செலவு எழுதப்பட்டிருக்காது.

யூடியூப் பாட்டுக்கு நல்ல இடம். இணைப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், கணக்கு வேண்டியதில்லை. 'பட்டியலிடாதது' என்று வைத்தால் இணைப்பு உள்ளவர் மட்டும் கேட்கலாம். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, ஒலியளவு. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் உரத்த பாட்டுகளை ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு). அதைவிட உரக்க ஏற்றியதைத் தளம் இறக்கிவிடும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து பாட்டை நசுக்கி நசுக்கி உரக்கமாக்கும் உழைப்பு வீண். நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும், உரப்பு மட்டும் போய்விடும்.

இரண்டாவது, உரிமை. 2007 முதல் யூடியூபில் இயந்திரமே பாட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து உரிமைக்காரருக்குச் சொல்கிறது. பிறர் பாட்டை நீங்கள் உங்கள் குரலில் பாடினாலும் மெட்டுக்கும் வரிக்கும் உரிமை வேறொருவரிடம் இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை மட்டும்தான் உங்களுடையது. உரிமைக் காலம் முடிந்துபோன பழைய செவ்வியல் இசையை ஒருவர் தம் வீட்டில் வாசித்துப் போட்டு, அது வேறு யாருடைய பதிவோ என்று இயந்திரம் சொன்னதும் உண்டு. முறையிட்டால் பெரும்பாலும் தீரும். ஆனால் ஞாயிறு காலை போய்விடும்.

ஸ்பாட்டிஃபையில் நீங்கள் நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. ஒரு விநியோகஸ்தர் வழியாகத்தான் போக வேண்டும். சில விநியோகஸ்தர்கள் ஆண்டுச் சந்தா வாங்குகிறார்கள். சந்தா நின்றால் பாட்டும் கீழே இறங்கலாம் என்பதை ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில்தான் பார்ப்பீர்கள். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் கணக்கிடுவதில்லை. பொழுதுபோக்குக்காரருக்குப் பணம் பெரிதில்லைதான். ஆனால் சந்தாவை அந்தப் பணம் ஈடுகட்டும் என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம்.

இந்தச் சந்தை யாருக்குச் சரி? ஒரே துறையில் தொடர்ந்து தரக்கூடியவருக்கு. மலைப்பறவை மட்டும் எடுப்பவர், கிதார் பாடம் சொல்பவர், ஒரே பாதையை நான்கு பருவத்திலும் படம் பிடிப்பவர். இன்று மலை, நாளை பாட்டு, மறுநாள் ரயில் ஜன்னல் என்று போடுபவரை அங்குள்ள கணக்கீட்டு முறை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாமல் விழிக்கும்.

## துறைக்கென்று இருக்கும் இடம்: ஃப்ளிக்கர், பேண்ட்கேம்ப், சவுண்ட்கிளவுட்

என் மனம் சாய்வது இங்கே என்பதை மறைக்கவில்லை. கூட்டம் குறைவு. வந்திருப்பவர்கள் பார்க்கவும் கேட்கவும் வந்தவர்கள்.

ஃப்ளிக்கரில் படத்தைப் பெரிதாகப் பார்க்கலாம். எந்த லென்ஸ், எவ்வளவு திறப்பு என்ற விவரம் படத்துக்குக் கீழேயே இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்து, 'என் பெயர் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று திறந்தும் விடலாம். ஆல்பத்தை நடந்த வரிசையிலேயே அடுக்கலாம் என்பது பயணிகளுக்குப் பெரிய வசதி. இலவசக் கணக்கில் 1,000 படம்தான். நம் வாசகருக்கு இது தடையாகத் தோன்றும். எனக்கு நல்ல சல்லடையாகத் தோன்றுகிறது. 4,000 படத்தையும் காட்டுபவரிடம் எந்தப் படம் நல்லது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும்கூட.

பேண்ட்கேம்ப் 2008இல் தொடங்கியது. தரம் குறையாத கோப்பைத்தான் ஏற்றச் சொல்லும், கேட்பவர் எம்.பி.3 ஆகவோ தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகவோ இறக்கிக்கொள்வார். விலையைக் கேட்பவரிடமே விட்டுவிடலாம், பூஜ்யம் உட்பட. பதினொரு பாட்டை ஓர் ஆல்பமாக, அட்டைப்படத்தோடு, வரிகளோடு, எப்படிப் பதிவு செய்தேன் என்ற குறிப்போடு வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. மலையில் எடுத்த படம் ஒன்று அட்டையாகும்போது இரண்டு பொழுதுபோக்கும் ஒரே கூரைக்குள் வந்துவிடுகின்றன. சவுண்ட்கிளவுட்டின் தனிச் சிறப்பு வேறு: பாட்டின் குறிப்பிட்ட நொடியிலேயே கேட்பவர் கருத்து எழுதலாம். "1:47இல் அந்த நிறுத்தம் அருமை" என்று வந்தால், நாலு நாள் யோசித்து வைத்த நிறுத்தம் ஒருவர் காதில் விழுந்திருக்கிறது என்று பொருள். அரைகுறைப் பாட்டைக் கொண்டுபோகவும் ஏற்ற இடம்.

இவ்வளவு புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் தளங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஃப்ளிக்கர் 2004இல் பிறந்து, 2005இல் யாகூவிடம் போனது. 2013இல் ஒவ்வொருவருக்கும் 1 டெராபைட் இலவசம் என்று அறிவித்தது. 2018இல் ஸ்மக்மக் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அந்த ஆண்டின் இறுதியிலேயே 1,000 பட வரம்பை அறிவித்தார்கள். டெராபைட்டை நம்பி எல்லாவற்றையும் ஏற்றியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேண்ட்கேம்ப் 2022இல் எபிக் கேம்ஸ் கைக்கும், 2023இல் சாங்டிரேடர் கைக்கும் போனது.

இவை எல்லாவற்றையும்விடக் கசப்பானது மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளத்தின் கதை. 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டுகள், 5 கோடிக்கும் மேல் என்று சொல்லப்பட்டவை, இடமாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. அவற்றில் ஏறத்தாழ 4,90,000 பாட்டுகள் ஓர் ஆய்வுக் குழுவின் சேமிப்பில் கிடந்து, பிறகு இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகம் வழியே திரும்பின. நூற்றில் ஒன்றுகூட இல்லை. வீட்டு அறையில் பதிவு செய்து, ஏற்றிய கையோடு கணினியில் அழித்துவிட்டவர்களை நினைத்துப் பாருங்கள்.

## சொந்தத் தளம்

வரிசை உங்களுடையது, வடிவம் உங்களுடையது. நடையின் வரைபடம், இடையிடையே அகலப் படங்கள், ஓடைக்கரையில் பதிந்த நாற்பது விநாடி நீரொலி, கீழே அதை வைத்துக் கட்டிய பாட்டு. இப்படி ஒரு பக்கத்தை வேறெங்கும் கட்ட முடியாது. பயணக் கதைக்கு இதுதான் தாய்வீடு.

யார் வருவார்கள்? நீங்கள் இணைப்பு கொடுத்தவர்கள் வருவார்கள். மற்றபடி நீண்ட காலத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பதில் என்ற கல்லை வைத்து எடை போட்டால் இந்தத் தட்டு லேசாகத்தான் இருக்கும். ஆனால் வருகிற பதில்கள் நீளமாக இருக்கும். தேடி வந்து படித்தவர் ஒரு வரியோடு போவதில்லை.

செலவு என்றால் எல்லாரும் இணையத்தில் இடத்துக்கும் தளத்தின் பெயருக்கும் கட்டும் ஆண்டுக் கட்டணத்தைச் சொல்வார்கள். எனக்கு அதிகம் செலவானது வேறு. எழுத்துரு தேர்ந்தெடுக்க ஆறு வாரம் ஓடிவிட்டது. அந்த ஆறு வாரத்தில் ஒரு படமும் ஏறவில்லை. ஒரு நடையும் போகவில்லை. பிறகு ஒருமுறை தளத்தின் பெயர் காலாவதியானது. பணம் எடுக்கக் கொடுத்திருந்த அட்டையின் காலம் முடிந்திருந்தது. நினைவூட்டல் மின்னஞ்சல், நான் கைவிட்ட பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, மீட்கும் அவகாசத்துக்குள் கவனித்தேன். டாட் காம் போன்ற பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிவு செய்ய முடியும். சொந்த வீடு என்று சொல்லிக்கொண்டாலும் நீண்ட குத்தகைதான்.

இன்னொரு தொழில்நுட்பப் பிழை புதியவர்கள் எல்லாரும் செய்வது. 10 எம்.பி. படங்கள் 40ஐ ஒரே பக்கத்தில் அப்படியே ஏற்றினால் பக்கத்தின் எடை 400 எம்.பி. மலையடிவாரத்தில் மெதுவான இணைப்பில் இருக்கும் உங்கள் நண்பர் மூன்றாவது படத்தோடு மூடிவிடுவார். ஒவ்வொரு படத்தையும் அதன் நீண்ட விளிம்பு 2,000 பிக்சல் ஆகும்படி சுருக்கி ஏற்றுங்கள்; மூலம் உங்களிடமே இருக்கட்டும்.

எழுதப் பிடிக்கிறவருக்கும், அவசரமில்லாதவருக்கும் சொந்தத் தளம் சரி. எழுத்து வராது, படம் மட்டும்தான் என்றால் வேண்டாம். வெற்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

## அச்சும் ஒரு மாலையும்

இது பட்டியலில் எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு காரணம் போதும்.

ஒரு நீண்ட நடையிலிருந்து 36 படங்களைத் தேர்ந்து சிறிய புத்தகமாக அச்சிட்டு, கூட வந்தவர்களை அழைத்தேன். மேசையில் புத்தகம், பின்னணியில் ஒலி குறைத்து என் இரண்டு பாட்டு. பதினேழாம் படத்தில் ஒருவர் நிறுத்தினார். எல்லாரும் ஓய்வெடுக்கும் சாதாரணப் படம். நீக்கிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தது. "இதில் நான் ஏன் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? காலணிக்குள் ஒரு கல். சொன்னால் நீங்கள் எல்லாம் நிற்க வேண்டியிருக்கும் என்று மூன்று மணி நேரம் சொல்லாமல் நடந்தேன்." அந்தக் கல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். எந்தத் தளத்திலும் அந்தப் படத்துக்குக் கீழே அந்தக் கல் வந்திருக்காது.

அச்சுக்கு ஆகும் பணம், தேர்வுக்கு ஆகும் உழைப்பு, திரையைவிடக் காகிதத்தில் படம் இருட்டாக விழும் ஏமாற்றம் எல்லாம் உண்டு. முதல் பிரதி ஒன்றை மட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை அச்சிடச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பதில் | தரம் | பத்து ஆண்டு கழித்து | உழைப்பு | மறைவு |
|---|---|---|---|---|---|
| சின்ன வட்டம் | கேள்வியோடு அனுப்பினால் நிறைய | அனுப்பும் முறையைப் பொறுத்தது | தேடினால் கிடைக்காது | மிகக் குறைவு | நன்று |
| பெரிய சந்தை | எண்ணிக்கை அதிகம், ஆழம் குறைவு | படத்துக்குச் சுமார், பாட்டுக்குப் பரவாயில்லை | தளத்தின் கையில் | தொடர்ந்து வேண்டும் | குறைவு |
| துறைத் தளங்கள் | குறைவு, ஆனால் விஷயம் தெரிந்தவை | மிக நன்று | கைமாறும் அபாயம் | மிதம் | நீங்கள் அமைத்தபடி |
| சொந்தத் தளம் | அரிது, நீளமானது | நீங்கள் வைத்தபடி | கட்டணம் கட்டும் வரை | தொடக்கத்தில் மிக அதிகம் | நீங்களே பொறுப்பு |
| அச்சும் மாலையும் | உடனே, நேரில் | மிக நன்று | அலமாரியில் இருக்கும் | ஒரு தடவை, கடினம் | முழுமை |

## படத்தையும் பாட்டையும் ஒன்றாக்கலாமா?

பலரும் கேட்கும் துணைக்கேள்வி இது: என் படங்களை என் பாட்டின் மேல் ஓடவிட்டு ஒரே காணொளியாக்கினால் வேலை முடிந்ததே?

முடியும், ஆனால் இரண்டில் ஒன்று தோற்கும். நான்கு நிமிடப் பாட்டில் படத்துக்கு ஐந்து விநாடி என்றால் 48 படம். கண் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு லிஃப்டில் ஒலிக்கும் இசை ஆகிவிடும். நான் செய்து பார்த்ததில் தேறியது ஒரே வழிதான்: படத்துக்கு 12 விநாடி, மொத்தம் 20 படம், மெட்டு மாறும் இடத்தில் மட்டும் படம் மாறுவது. பாட்டில் பாடும் வரிகள் இருந்தால் அதுவும் தேறவில்லை. வாத்திய இசைக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

## இடத்தின் பெயரைச் சொல்லலாமா?

ஐந்தாவது கல்லைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கைபேசி எடுக்கும் படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் குறியீடு இருக்கக்கூடும். சந்தைத் தளங்கள் பொதுவாக அதைக் கழற்றிவிட்டுத்தான் காட்டுகின்றன. சொந்தத் தளத்தில் நீங்களே கழற்ற வேண்டும். பாட்டுப் பதிவு செய்த அறையின் படத்தை இடக்குறிப்போடு போட்டால் மைக்கும் கிதாரும் எந்த வீட்டில் இருக்கின்றன என்று ஊருக்கே சொல்லிவிட்டீர்கள்.

மலைக்கும் இது பொருந்தும். நார்வேயில் ட்ரோல்துங்கா என்ற பாறை நாக்கு இருக்கிறது. போய்வர 10 முதல் 12 மணி நேரம் ஆகும் கடினமான பாதை. 2010இல் ஆண்டுக்குச் சுமார் 800 பேர் போனார்கள். 2016இல் சுமார் 80,000 பேர். நடுவில் நடந்தது படப் பகிர்வுதான். தகுந்த காலணியும் விளக்கும் இல்லாமல் ஏறி மாட்டிக்கொண்டவர்களை மீட்க வேண்டிய நிலையும் வந்தது. ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பாதை என்றால் பெயரைச் சொல்வேன், அதோடு எத்தனை மணி நேரம், எங்கே தண்ணீர் இல்லை என்பதையும் சொல்வேன். தடம் பதியாத புல்வெளி என்றால் மலைத்தொடரின் பெயரோடு நிறுத்திவிடுவேன். கூட நடந்தவரின் முகம் தெரியும் படத்தை அவரைக் கேட்காமல் பொதுவில் வைப்பதில்லை. இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

## அந்த வாசகருக்கு எழுதிய பதில்

முதலில், எங்கே போட்டாலும் மூலக் கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும். படம்பிடிப்பவர்கள் சொல்லும் 3-2-1 கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. உங்கள் படங்கள் 40 ஜி.பி.தான். குறுந்தகட்டுத் தரத்தில் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி.; பதினொன்றும் சேர்ந்து அரை ஜி.பி.யைத் தாண்டாது. ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் முடிகிற வேலை. கலப்பதற்கு முந்தைய குரல், கிதார் என்ற தனித்தனித் தடங்களையும் சேர்த்து வையுங்கள். பிறகு குரலை மட்டும் திருத்தத் தோன்றும்.

பிறகு, 4,000இலிருந்து 40 எடுங்கள். உங்கள் கடிதத்தில் கூட நடந்த நண்பர்களைப் பற்றி இரண்டு முறை எழுதியிருந்தீர்கள். பின்தொடர்பவர்களைப் பற்றி ஒருமுறைகூட இல்லை. ஆகவே இன்ஸ்டாகிராமை இப்போதைக்கு விடுங்கள். 40 படத்தை ஃப்ளிக்கரில் நடந்த வரிசையில் அடுக்குங்கள். பாட்டில் முடிந்துவிட்டது என்று நீங்களே நம்பும் நான்கை மட்டும் பேண்ட்கேம்பில் வையுங்கள். மீதி ஏழு பாட்டையும் மூன்று பேருக்குத் தனித்தனியாக, ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். சொந்தத் தளம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும், அதுவும் எழுதியே தீர வேண்டும் என்று ஒரு நடை உங்களைப் பிடித்து உலுக்கினால்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. பாட்டு. கூடவே ஒரு வரி: "கடைசியில் மழைச் சத்தம் அதிகமாக இருக்கிறதா?"

அதிகமாகத்தான் இருந்தது. எழுதி அனுப்பினேன்.